மரச்சீனிக் கசப்பும் தொழுத்து நீரும்

பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியிலுள்ள விளைகளிலும், செங்கல், கொல்லயில், தனுவச்சபுரம் முதலிய ஊர்களின் வீட்டுப் புறங்களிலும், ஒரே கம்பைத் துண்டாக்கி ஒரே வாரத்தில் நட்ட மரச்சீனி, வேலிக்கு இந்தப் பக்கம் வெந்தவுடன் மாவாய் வெடித்து நாவில் இனிக்க, வேலிக்கு அந்தப் பக்கம் எத்தனை நேரம் கொதித்தாலும் நறுக்கென்று நின்று அடித்தொண்டையில் கசக்கும் அதிசயத்தை அறியாத குடும்பம் அநேகமாக இல்லை. கம்பு ஒன்று, பெய்த மழை ஒன்று, காய்ந்த வெயிலும் ஒன்று. ஆயினும் ஒரு வீட்டில் மீன்கறியோடு சட்டி காலியாகிறது. அடுத்த வீட்டில் இரண்டு முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்க வைத்த பின்னும் குழந்தைகள் முகம் சுளிக்கின்றன. கைராசி என்று சொல்வாரும், நட்ட நாளின் குற்றம் என்று சொல்வாரும், கம்பே இனம் மாறிவிட்டது என்று சாதிப்பாரும் உண்டு. விளைச்சலின் அளவைப் பற்றிய கேள்வியாக மட்டும் இது இருந்தால், எரு போதவில்லை என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். அளவும் குணமும் வெவ்வேறு காரணங்களால் ஆளப்படுகின்றனவா, அல்லது ஒரே காரணத்தின் இரண்டு முகங்களா என்று விசாரித்துக்கொண்டு போனால், அந்த விசாரணை நம்மைக் கிழங்கிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து தென்னைக்கும், தென்னையடியில் வளரும் தீவனப்புல்லுக்கும், கடைசியில் மாட்டுத் தொழுத்தின் ஓடைக்கும் அழைத்துச் செல்கிறது.

தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்த இச்செடியை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசி கிடைக்காத காலத்தில் ஏழைகளின் வயிற்றைக் காக்கும் உணவாகக் கருதிச் சிரத்தையோடு பரப்பினார். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கருகே வரையப்பட்ட அந்த எல்லைக்கோடு இரு புறத்து மண்ணையும் சமையலையும் பேச்சையும் பிரிக்கவில்லை. இன்றைக்கும் இரு பக்கத்து விளைகளிலும் தென்னையும் வாழையும் மரச்சீனியும் நல்லமிளகும் ஒரே முறையில்தான் வளர்கின்றன. இப்பயிர்களை ஆராயும் ஸ்தாபனங்களும் அருகிலேயே அமைந்துவிட்டது ஒரு பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். 1955இல் தொடங்கிய வெள்ளாயணி விவசாயக் கல்லூரி, பாலராமபுரத்துத் தென்னை ஆராய்ச்சி நிலையம், 1963இல் ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஆகியவை பாறசாலைக்காரர் காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

செடி எதனால் ஆகிறது என்ற கேள்விக்கு முதன்முதலில் தராசு வைத்து விடை தேடியவர்களில் ஒருவர் பெல்ஜிய தேசத்து வான் ஹெல்மான்ட். உலர்த்தி எடைபோட்ட 200 பவுண்டு மண்ணை ஒரு பெரிய தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, தண்ணீரைத் தவிர வேறொன்றும் ஊற்றாமல் ஐந்தாண்டு வளர்த்து மறுபடி நிறுத்தபோது, மரம் ஏறத்தாழ 169 பவுண்டாகியிருந்தது; மண்ணிலோ இரண்டு அவுன்ஸ் அளவே குறைந்திருந்தது. ஆகையால் மரம் முழுவதும் ஜலத்திலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு செய்தார். அவர் இறந்தபின் 1648இல் அச்சான நூலில் இது வெளிவந்தது. காற்றிலிருந்து இலை கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது என்பது அக்காலத்தில் தெரியாது. ஆயினும் அவர் எடைபோட்டதில் பிழை இல்லை. அந்த இரண்டு அவுன்ஸை அவர் அற்பமென்று ஒதுக்கினார். நம்முடைய விஷயம் முழுவதும் அந்த இரண்டு அவுன்ஸிலேயே அடங்கியிருக்கிறது. மரத்தை எரித்தால் காற்றிலிருந்து வந்தது காற்றுக்குப் போய்விட, அடுப்பில் மிஞ்சும் சாம்பல்தான் பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்தது. அச்சாம்பலில் கரையக்கூடிய பகுதியில் முதன்மையானது பொட்டாசியம். நம்முடைய விவசாய நூல்கள் இதைச் சாம்பல் சத்து என்றே வழங்குகின்றன.

தழைச்சத்தாகிய நைட்ரஜன் புரதத்தின் உடம்பாகிறது. மணிச்சத்தாகிய பாஸ்பரஸ் விதையிலும் உயிரணுவின் கருவிலும் சேர்ந்துவிடுகிறது. பொட்டாசியமோ செடியின் எந்த உறுப்பிலும் பொருளாகக் கட்டுப்படாமல், சாற்றிலே கரைந்தபடி ஓடித் திரிந்து, பிற வேலைகள் நடக்கும்படி செய்துகொண்டிருக்கும் ஒரு விசித்திரமான சத்து. இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய துளைகளின் இரு பக்கத்துக் காவல் அணுக்களுக்குள் அது புகும்போது அவை நீரை இழுத்துப் புடைத்துத் துளை திறக்கிறது. வெளியேறும்போது துளை மூடுகிறது. வறட்சிக் காலத்தில் செடி தன் ஈரத்தைக் காத்துக்கொள்வது இந்தப் போக்குவரத்தால்தான். இலை சமைத்த சர்க்கரை நரம்புகள் வழியாகக் கிழங்குக்கு இறங்குவதற்கும், இறங்கிய சர்க்கரையை மாவுச்சத்தாகக் கோக்கும் நொதி சரியாக இயங்குவதற்கும் பொட்டாசியம் வேண்டும். அது குறைந்த விளையைக் கண்டுபிடிக்கக் கருவி ஏதும் தேவையில்லை. செடியின் கீழ்வரிசை முதிய இலை ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் விரித்துப் பார்த்தால், விரல்போல் பிரிந்த ஒவ்வொரு மடலின் நுனியும் ஓரமும் மஞ்சளித்து, பிறகு பழுப்பாகிக் கருகியிருக்க, நடுநரம்பின் இரு பக்கமும் மட்டும் பசுமை நின்றிருக்கும். முதிய இலையில் முதலில் தோன்றுவதற்குக் காரணம், ஓடித் திரியும் சத்தாகையால் குறைவு நேர்ந்தவுடன் செடி அதை மூத்த இலையிலிருந்து உருவி இளந்தளிருக்கு அனுப்பிவிடுவதே.

இப்போது கசப்பைப் பார்க்கலாம். மரச்சீனியின் இலையிலும் கிழங்கிலும் லினமரின் என்றொரு பொருள் உண்டு; சர்க்கரையோடு சயனைடு பிணைந்த இச்சேர்க்கையைத் தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் தடுக்கவே செடி சேமித்து வைக்கிறது. கிழங்கை நசுக்கினாலோ நறுக்கினாலோ, வேறோர் இடத்தில் தனித்து வைக்கப்பட்டிருந்த நொதி அதோடு கலந்து, சயனைடு வாயு பிரிந்து வெளிப்படும். நம் வீட்டுப் பெண்கள் கிழங்கைச் சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, அந்நீரை வடித்துக் கொட்டுவது இந்த ரசாயனத்தை அறிந்தவர் செய்வதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. லினமரினைக் கட்ட நைட்ரஜன் வேண்டும். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்துச் சாம்பல் சத்தை மறந்தால், செடி உறிஞ்சிய நைட்ரஜன் முழுவதும் ஒழுங்காகப் புரதமாக மாறாமல் தேங்க, கிழங்கில் லினமரின் ஏறுகிறது. அதே சமயம் சர்க்கரை இறங்குவது மந்தமாகி மாவு குறைகிறது. வறட்சியிலும் இதேதான் நடக்கிறது. 1981இல் மொசாம்பிக் தேசத்தில் நீண்ட வறட்சி வந்தபோது, சரியாக ஊறவைக்காத கசப்புக் கிழங்கையே உண்டு வாழ நேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கால் முடங்கி நிரந்தரமாக ஊனமுற்றார்கள். மீனும் பிற உணவும் சேர்த்து உண்ணும் நம் ஊர்களில் அத்தகைய விபரீதத்துக்கு இடமில்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்துச் சட்டியில் நாக்கு உணரும் கசப்பு அதே ரசாயனத்தின் சிறிய அளவுதான். மாவாய் வேகாமையும் கசப்பும் ஆகிய இரண்டு குற்றங்களும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.

இதை எப்படி நிச்சயித்தார்கள் என்று கேட்பது நியாயம். ஒரே நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒரு பாத்திக்கு எல்லாச் சத்தும் கொடுத்து, மற்ற ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே நிறுத்திவைத்து, இன்னொரு பாத்திக்கு ஒன்றுமே கொடாமல் விட்டு, விளைந்ததை எடைபோட்டும் சோதித்தும் ஒப்பிடுவது ஒன்றே நம்பத்தகுந்த வழி. ஓராண்டில் இது உண்மையைச் சொல்லாது. மண்ணில் முன்பே இருந்த சேமிப்பு குறைவை மறைத்துவிடும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸும் கில்பர்ட்டும் 1843இல் கோதுமைக்கும் 1856இல் புல்வெளிக்கும் தொடங்கிய பரீட்சைகள் இன்றுவரை நிற்காமல் நடப்பதும், கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரீட்சை தலைமுறைகளைத் தாண்டித் தொடர்வதும் இக்காரணத்தாலேயே. ஸ்ரீகாரியத்தில் நம்முடைய செம்மண்ணிலேயே 1977 முதல் மரச்சீனிக்கு இவ்விதப் பாத்திகளை வைத்துப் பார்த்து வந்திருக்கிறார்கள். சாம்பல் சத்து நிறுத்தப்பட்ட பாத்தியில் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு தேய்வதும், போதிய அளவு கொடுத்த பாத்தியில் மாவுச்சத்து உயர்ந்து சயனைடு தாழ்வதும் அங்கே கண்ட உண்மைகள். ராதம்ஸ்டெட்டின் புல்வெளியிலோ இன்னொன்றும் தெரிந்தது. தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்தியில் புல்லினங்கள் ஒரு சிலவாகக் குறுகிப்போக, சாம்பல் சத்தும் மணிச்சத்தும் பெற்ற பாத்தியில் மாட்டுக்குப் புரதம் தரும் பயறுவகைச் செடிகள் தாமாகவே பெருகின.

இனி, வேலிக்கு இருபுறமும் மண் ஒன்றாயிருக்கச் சத்து ஏன் வேறுபடுகிறது என்பது. யார்க்‌ஷயர் நிலக்கிழார் தாம்ஸன், 1845இல் ஒரு கண்ணாடிக் குழாயில் மண்ணை நிரப்பி, மேலே அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்ற, அடியில் வடிந்து வந்ததோ பெரும்பாலும் சுண்ணாம்பின் சல்பேட்டாயிருந்தது. மண் அம்மோனியாவைப் பிடித்துக்கொண்டு, தன்னிடமிருந்த சுண்ணாம்பை விடுவித்திருக்கிறது! 1850 முதல் வே என்ற ரசாயனி இதை விரிவாகச் சோதித்து, இந்த வேலையைச் செய்வது மணலன்று, களியே என்றும், கைமாறும் அளவு கணக்குப்படி ஒத்திருக்கிறது என்றும் நிலைநாட்டினார். களித்துகளின் மேற்பரப்பு எதிர்மின்சாரம் தாங்கியது. பொட்டாசியம், சுண்ணாம்பு, மக்னீசியம் முதலியவை கரைசலில் நேர்மின்சாரம் தாங்கிய அயனிகளாயிருப்பதால் அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று பிடிக்கும் இந்நிகழ்ச்சிக்கு அயனிப் பரிமாற்றம் என்று பெயர். பழைய ஓட்டு வீட்டுச் சுவரில் துணி மாட்ட அறைந்திருக்கும் மரமுளைகளை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்: முளை எத்தனையோ அத்தனை துணிதான் சுவரில் நிற்கும், மிஞ்சியது தரையில் விழுந்து, மழைநீர் உள்ளே புகுந்தால் அடித்துக்கொண்டு போகும்.

நம் செம்மண்ணுக்கு முளைகள் மிகக் குறைவு. 1807இல் அங்காடிப்புறத்து வெட்டுக்கல்லைக் கண்டு பிரான்சிஸ் புகானன் உலகுக்கு அறிவித்த செம்புரைக்கல் இனத்து நிலம் இது. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை. இடவப்பாதியும் ஐப்பசி மழையுமாக இரு பருவமும் லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்பாறையைக் கழுவியதில், எளிதில் கரைவனவெல்லாம் போய், இரும்பும் அலுமினியமும் கயோலின் என்னும் வறண்ட களியுமே எஞ்சின. கரிசல் நிலத்துக் களியோடு ஒப்பிட, கயோலினில் முளைகள் பத்தில் ஒரு பங்கு அளவே உண்டு. ஆகவே கோயில்பட்டிக் கரிசலில் ஒரே தடவையாக இட்டாலும் தங்கக்கூடிய சாம்பல் சத்து, தனுவச்சபுரத்துச் செம்மண்ணில் ஒரு பெருமழைக்குள் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். இங்கே நமக்குள்ள ஒரே புகல் மக்கு. மட்கிய இலையும் சாணமும், எடைக்கு எடை, கயோலினைப் போலப் பல மடங்கு முளைகளைத் தாங்குகின்றன. சாணத்தைப் பயிருக்கு உணவு என்று மட்டும் எண்ணுவது அரைகுறையான அபிப்பிராயம். உணவைப் பிடித்து வைக்கும் இடத்தையே அது உண்டாக்குகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் வருஷந்தோறும் தழையும் சாணமும் போட்டு வந்தவர் முளைகளைக் கூட்டி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தவர் யூரியாவை மட்டும் தூவி நிறுத்தினார்.

ஒரு டன் பச்சைக் கிழங்கோடு ஏறத்தாழ 3 கிலோ பொட்டாசியம் விளையை விட்டு வெளியேறுகிறது. பத்து சென்ட் விளையில் நன்றாக விளைந்து 1,200 கிலோ கிழங்கு சந்தைக்குப் போனால், கடையில் விற்கும் பொட்டாஷ் உரத்தில் ஏழு கிலோவுக்குச் சமமானது அதோடு வண்டியேறிவிட்டது என்று அர்த்தம். தென்னையின் பசியோ இன்னும் பெரிது. கேரள விவசாயப் பல்கலைக்கழகம் நல்ல பராமரிப்பிலுள்ள காய்க்கும் மரத்துக்கு ஆண்டொன்றுக்கு அரைக் கிலோ தழைச்சத்து சிபாரிசு செய்யும்போது, சாம்பல் சத்து 1.2 கிலோ வேண்டுமென்கிறது. அந்தச் சத்தில் பெரும்பங்கு தேங்காயின் தொண்டிலும் இளநீரிலும் போய்ச் சேர்கிறது. தொண்டை மரத்தைச் சுற்றிக் குழியெடுத்துப் புதைத்த நம் பாட்டன்மார், ஈரத்துக்காக அதைச் செய்தார்களானாலும், சத்தையும் மரத்துக்கே திருப்பினார்கள். விறகடுப்பின் சாம்பல் தினமும் வாழைக்கும் மரச்சீனிக்கும் போயிற்று. இன்று தொண்டு கயிற்று ஆலைக்குப் போகிறது. எரிவாயு அடுப்பில் சாம்பல் இல்லை. அடுப்புப் புகையிலிருந்து பெண்களின் கண்ணும் நெஞ்சும் தப்பியது பெரிய நன்மை. அதை யாரும் மறுக்கலாகாது. ஆனால் அதோடு நின்றுபோன சாம்பலுக்கு ஈடாக எதையும் நாம் வைக்கவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

எஞ்சிய பெரிய வழி மாடு. தென்னைகளின் நடுவே, வேர்கள் அடர்ந்த இரண்டு மீட்டர் வட்டத்துக்கு வெளியே கிடக்கும் நிலத்தில் நிழலைத் தாங்கி வளரக்கூடியது கினிப்புல். வெயில் விழும் வரப்பிலும் வெட்டவெளியிலும் நேப்பியர் ஒட்டுப்புல். வெள்ளாயணியார் உண்டாக்கிய ஹரிதஸ்ரீ, சுகுணா போன்ற ரகங்கள் இவ்விரு வகையின. புல் பொட்டாசியத்தைத் தன் தேவைக்கு மேலும் உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுடையது. அப்புல்லை வெட்டித் தொழுத்துக்குக் கொண்டுவந்தால், விளையெங்கும் பரவியிருந்த சாம்பல் சத்து ஓரிடத்தில் வந்து குவிகிறது. மாடு அதைத் தன்னுடம்பில் வைத்துக்கொள்வது சொற்பம். பாலில் சிறிது போகிறது. மிஞ்சியதில் மணிச்சத்து அநேகமாக முழுவதும் சாணத்தில் வர, பொட்டாசியத்தில் பெரும்பகுதி கோநீரில் வெளியேறுகிறது. நாமோ சாணத்தைப் பொக்கிஷமாய்க் குவித்து, சிமெண்டுத் தரையைக் குழாய்நீரால் கழுவி, கோநீரை ஓடையில் விட்டுவிடுகிறோம். எந்த வீட்டிலும் புறத்தே சென்று பார்த்தால், தொழுத்து நீர் போய் விழும் இடத்துத் தென்னை மட்டும் கருநீலப் பச்சையோடு குலை தள்ளி நிற்பதையும், பத்தடி தள்ளியுள்ள மரத்தின் மூத்த ஓலைகள் நுனி மஞ்சளித்துத் தொங்குவதையும் காணலாம். சுத்தமான தரையைக் குறை சொல்வதற்கில்லை. தரைக்குச் சற்றே சரிவு கொடுத்து, கோடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, கழுவும் முன் கோநீரை அதில் வடித்து, காய்ந்த சருகையும் மரத்தூளையும் அதில் ஊறவைத்துச் சாணக் குழியில் சேர்த்தால் போதும். செலவு ஒரு தடவைக்கு ஒரு கொத்தனாரின் கூலி.

புல்லின் குணத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். முதல் அறுப்புக்குப் பின் கினிப்புல்லை நாற்பத்தைந்து நாளுக்கொருமுறை அறுத்தால் இலை மிகுந்து புரதமும் மிகும். ஒரே அறுப்பில் அதிக எடை வேண்டுமென்று மூன்று மாதம் விட்டால் தண்டு மரத்துப்போகும். மரத்தை மரமாக்கும் லிக்னின் அதில் படிவதால், மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களும் அதைச் செரிக்கமாட்டா. கட்டு பெரிதாகும், பால் குறையும். தரையோடு ஒட்ட அறுப்பதும் தவறு. ஒரு சாணளவு கட்டை நின்றால்தான் மறுதளிருக்கு வேண்டிய சேமிப்பு அடியில் தங்கும். சாம்பல் சத்து நல்லதென்று அதைப் புல்லுக்கு அளவின்றிக் கொட்டுவதும் கூடாது; பொட்டாசியம் மிகுந்து மக்னீசியம் குறைந்த தீவனத்தை விடாது தின்னும் கறவை மாட்டுக்கு இரத்தத்தில் மக்னீசியம் தாழ்ந்து வலிப்புக் காணும் நோய் உண்டு. கேரள மாநிலத் திட்டக் குழு 2013இல் வெளியிட்ட மண்வள மதிப்பீட்டில், பெரும்பாலான மண் புளித்திருப்பதும், மணிச்சத்து வேண்டியதற்கு மேல் சேர்ந்திருப்பதும், மக்னீசியமும் போரானும் பரவலாகக் குறைந்திருப்பதும் வெளிப்பட்டன. மண்ணைச் சோதிக்காமல் கலப்பு உரம் வாங்குபவர், இருப்பதையே மறுபடி காசு கொடுத்து வாங்குகிறார் என்பது இதன் பொருள்.

ஆகவே மரச்சீனிக்கு ஸ்ரீகாரியத்தார் சொல்லும் முறை இவ்வளவுதான்: ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம், தழைச்சத்தும் சாம்பல் சத்தும் நூறு நூறு கிலோ, மணிச்சத்து அதில் பாதி. அவற்றில் சாம்பல் சத்தையும் தழைச்சத்தையும் இரு தவணையாக, இரண்டாவதைக் களையெடுத்து மண் அணைக்கும்போது. தொழு உரம் கிடையாதவர், கிழங்கு பறித்த நிலத்தில் கோடை மழையோடு பயறு விதைத்து, பூக்கும் தறுவாயில் அங்கேயே மடக்கிப் புதைத்தால் அது தொழு உரத்துக்கு ஈடாகும் என்பதையும் பரீட்சித்துக் காட்டியிருக்கிறார்கள். சாம்பல் சத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஸ்ரீ பவித்ரா என்ற ரகமும் வந்திருக்கிறது. அது குறைந்த சத்தில் விளையும். ஆனால் எடுத்துக்கொண்டதை யாராவது திருப்பித்தான் தீர வேண்டும்.

திருப்ப வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல். இந்த ஊர்களில் மரச்சீனி நடுவோரில் பலர் நிலமுடையோர் அல்லர். 1970 முதல் நடைமுறையிலுள்ள நிலச்சீர்திருத்த ஏற்பாடு புதிய குத்தகையைத் தடுத்துவிட்டதால், வெளிநாட்டிலோ நகரத்திலோ இருப்பவரின் விளையை, எழுத்தில்லாமல், ஒரு விளைச்சலுக்கென்று வாய்ச்சொல்லில் வாங்கி நடுகிறார்கள். இவ்வாண்டு புதைத்த பயறின் பலன் அடுத்த ஆண்டு நடுகிறவருக்கே கிடைக்குமென்றால், பத்து மாதத்தில் விளையை விட்டு இறங்கப் போகிறவர் அதற்கு விதை வாங்குவார் என்று எதிர்பார்ப்பது எவ்விதத்தில் நியாயம்? நிலமுடையோரும் நடுவோரும் பஞ்சாயத்தை நடுவில் வைத்து ஐந்தாண்டுக்கு ஓர் உடன்பாடு செய்துகொள்வதும், தொடக்கத்திலும் முடிவிலும் மண்ணைச் சோதித்து அந்தச் சீட்டுகளை அதோடு இணைப்பதும் இன்றைய சட்டத்துக்குள் எப்படி முடியும் என்பதை, கிருஷி பவன்களும் கிராம சபைகளும் உரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டும்.